சர்க்கரை டப்பாவில் பூண்டு

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், செல்லங்களா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு பெண் சும்மா தலையை ஆட்டியதால் வந்த வினையைச் சொல்லப்போகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்களுக்குப் பூண்டு வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா தையற்காரி. பள்ளி விட்டதும் அவள் நேராக அம்மாவின் கடைக்குப் போய், பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மா நிற்பார்களா? வாய் ஓயாது. பால் பொங்கி வழியாமல் இருக்கப் பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டியை வைக்கலாம் என்பார் ஒருவர். அடிப்பிடித்த பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் தேய்க்கக் கை வலிக்காது என்பார் இன்னொருவர்.

எல்லாம் அந்தப் பெண்ணின் காதில் விழும். விழுந்ததை அவள் வைத்துக்கொள்ளமாட்டாள். குடியிருப்பில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. எல்லோரும் அவளைக் 'குறிப்புக்காரி' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் கொள்ளை ஆசை. யார் எதைக் கேட்டாலும், தெரியாது என்று மட்டும் அவள் சொன்னதே கிடையாது.

அவள் வீட்டுக்கு மேல்வீட்டில் ஓர் அண்ணன் தனியாக இருந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். பகலெல்லாம் ஊரார் லிஃப்டை ஏற்றி இறக்கிவிட்டு, லிஃப்டே இல்லாத அந்தக் குடியிருப்பில் மூச்சு வாங்கப் படியேறி வருவார். அவருக்குச் சமைக்க இப்போதுதான் கை பழகிக்கொண்டிருந்தது.

பழகியே ஆகவேண்டிய நிலைமை. அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, இனிமேல் தனியாக இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. பெரியவருக்கு மகனோடு இருக்கத்தான் ஆசை. ஆனால் மகளுக்கு, அதாவது அண்ணனின் அக்காவுக்கு, நம்பிக்கையில்லை. வேளைக்குச் சோறு போடுவானா, மாத்திரை கொடுப்பானா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி சமைத்துப் போடட்டும், சாப்பிட்டுப் பார்த்து, அப்பா யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்யலாம் என்று பேச்சு முடிந்தது.

அந்த வாரம்தான் அண்ணனின் சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறியது. அவர் குறிப்புக்காரியைக் கேட்டார்.

அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அன்றொரு நாள் கடையில் ஓர் அம்மா, அரிசியில் வண்டு வராமலிருக்கப் பூண்டு, சர்க்கரையில் எறும்பு வராமலிருக்கக் கிராம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது இவள் மேசைக்கு அடியில் உருண்டோடிய பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். பாதி காதில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது.

"பூண்டு போடுங்கண்ணா."

"சர்க்கரையிலயா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு பாப்பா. பூண்டா?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சந்தேகமே வேணாம்."

அண்ணன் காபிக்குச் சர்க்கரை போடுகிறவர் அல்ல. அதனால் அந்த டப்பா ஞாயிறுவரை திறக்கப்படவில்லை. உள்ளே பூண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று குறிப்புக்காரிக்கும் அவள் அம்மாவுக்கும்கூட மேல்வீட்டில்தான் சாப்பாடு. சோறு பதமாக இருந்தது. காய்கறி நன்றாக வெந்திருந்தது. பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. கடைசியாக, பெரியவருக்குப் பிடிக்கும் என்று இனிப்பான பால்கஞ்சி வந்தது. சமையலறை காலையிலிருந்தே தாளித்த வாசனையில் இருந்ததால் அண்ணனுக்கு மூக்கில் எதுவும் உறைக்கவில்லை.

பெரியவர் ஒரு வாய் வைத்தார். கரண்டி அப்படியே நின்றது.

"தம்பி, கஞ்சிக்கும் தாளிச்சியா?" என்றாள் அக்கா.

அண்ணன் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் தொங்கிப்போனது. சர்க்கரைக்குள் பூண்டு போட்டு வைத்ததைச் சொன்னார்.

"சர்க்கரைக்குக் கிராம்பு இல்ல போடுவாங்க?" என்றாள் தையற்காரி. சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள்.

"பாப்பா கிராம்புன்னுதான்கா சொல்லியிருக்கும். நான்தான் மாத்திக் கேட்டிருப்பேன்" என்றார் அண்ணன். "அப்படித்தானே பாப்பா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

அக்கா பெருமூச்சு விட்டாள். "பாத்தீங்களாப்பா? பூண்டுக்கும் கிராம்புக்கும் வித்தியாசம் தெரியல. நாளைக்குக் காலை மாத்திரையை ராத்திரிக்குக் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டார். பின்னாலிருந்து பார்த்தபோது, பள்ளியில் வெளியே நிறுத்திவைத்த பையனைப் போல இருந்தார்.

குறிப்புக்காரி வீட்டுக்கு வந்தாள். காது மடல் இரண்டும் கொதித்தன. கண்ணாடி இருக்கும் பக்கம் போகவே பிடிக்கவில்லை. கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி மறுபடி கழுவினாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அடி போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அந்தப் பெண்ணுக்கு.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். குடியிருப்பு முழுக்கச் சிரிக்கும். இனி யாரும் அவளிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். 'பூண்டுக்காரி' என்றுகூடப் பேர் வைப்பார்கள்.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. யாரோ கனமான பையை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஈரக் கையோடு ஓடிப்போய்ப் படியில் குறுக்கே நின்றாள். அக்கா பெரியவரின் துணிப்பையோடு வந்தாள். பின்னால் பெரியவர், அவர் கையைப் பிடித்தபடி அண்ணன்.

"தாத்தா," என்றாள். கண் படியை விட்டு மேலே எழவில்லை. "அண்ணா மாத்திக் கேக்கல. நான்தான் பூண்டுன்னு சொன்னேன். அப்புறம், தலையும் ஆட்டிட்டேன்."

பெரியவர் கேட்டார்: "நீ சொன்னதும் இவன் அப்படியே போட்டுட்டானா?"

"இல்ல தாத்தா. ரெண்டு தடவை கேட்டார். யோசிச்சுச் சொல்லுன்னுகூடச் சொன்னார். நான்தான் சந்தேகமே வேணாம்னு சொல்லிட்டேன்."

பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டு தடவை கேட்டிருக்கான்மா."

"கேட்டது ஒரு குழந்தைகிட்டப்பா," என்றாள் அக்கா. ஆனால் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அண்ணன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லவேளை பாப்பா. என் காதுதான் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தாலாவது அவள் தாங்கியிருப்பாள். இப்போதுதான் பொலபொலவென்று அழுகை வந்தது. ஈரக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் சோப்பு நுரை. அக்காவே முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

"அது சரி," என்றார் பெரியவர். "ஒரு டப்பா சர்க்கரை வீணாக் கிடக்கே. அதை என்ன பண்றது?"

குறிப்புக்காரியின் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியாது தாத்தா," என்றாள்.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். பூண்டும் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். அப்படி என்ன இருக்கிறது?

"தக்காளி சாஸ்ல ரெண்டுமே போடுவாங்கன்னு நினைக்கிறேன். எனக்குச் சரியாத் தெரியாது. இருங்க, அம்மாகிட்டக் கேட்டுட்டு வரேன்."

கேட்டாள். அம்மா சொன்னதை அங்கேயே ஒரு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் என்ன, எல்லோரும் மறுபடி படியேறினார்கள். புறப்படுவதற்குப் போட்ட நல்ல சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெரியவரே தக்காளி பிசைந்தார். குறிப்புக்காரி சீசாவை வெந்நீரில் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் வெயிலில் காயவைத்தாள். அண்ணன் கிண்டினார். அக்கா பக்கத்தில் நின்று உப்புப் பார்த்தாள், தேவைக்கு மேலேயே பலமுறை பார்த்தாள்.

சிவப்பாக, பளபளவென்று சாஸ் சீசாவில் இறங்கியது. பெரியவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது கெட்டுப்போகாம எத்தனை நாள் இருக்கும், பாப்பா?"

"தெரியாது தாத்தா. வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்படியா?" பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அப்ப நான் இருந்து பாத்துட்டே சொல்றேன்."

அக்கா கீழே போய் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நல்லது செல்லங்களா, போய்வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு வேளை தவறாமல் எரியட்டும். சமைத்தவர் கை நோகாமல், சாப்பிட்டவர் மனம் நோகாமல், உங்கள் வீட்டில் எந்நாளும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்.