மூன்றாம் குரல்

காற்று அடித்துக்கொண்டிருந்தவரை சென்னியம்மாளுக்குப் பயமில்லை. அது நின்ற பிறகுதான் வந்தது.

ஓடுகள் பறந்தபோதும், களத்தோரத் தென்னைகள் சாமி வந்தவர்கள் மாதிரித் தலையை விரித்து ஆடியபோதும், அடுப்படி மூலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, ஐப்பசிக் காற்றுதானே, ஓயாமலா போகும் என்று உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்துவிட்டது. இப்போது ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், வயலுக்குப் போகும் வாய்க்கால் வழக்கத்தைவிடக் கனமாக ஓடும் சத்தமும் மட்டும் கேட்டன. எட்டு மாதமாக இரவும் பகலும் காதில் ஒட்டிக்கிடந்த கிணற்றடி மோட்டாரின் முனகல் இல்லை. கிழிந்த வெற்றிலையின் கார வாசம் மட்டும் ஈரத்தோடு கலந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தாயார் வீட்டிலிருந்து வந்த நாள் முதல் அந்த வெற்றிலைக் கொடிக்கால் வாசத்தோடுதான் இருக்கிறாள். ஆனால் இவ்வளவு வெற்றிலை ஒரே நேரத்தில் கிழிந்தால் எப்படி மணக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

உத்தரத்தில் பல்பு செத்துத் தொங்கியது. சுவிட்சு போட்டபடியே இருந்தது. அதைத் தொடுவதற்கே அவளுக்கு நடுங்கும். சாயங்காலம் புருஷன்தான் போடுவார், வெளிச்சம் வந்ததும் இவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மேட்டூர் கரண்டு வந்த தைரியத்தில் வீட்டிலிருந்த சிமினி விளக்கை எல்லாம் பண்ணையாட்களுக்குக் கொடுத்தாயிற்று. யுத்த காலம். சீமெண்ணெய் வேண்டுமென்றாலும் கிடைக்காது. விளக்கெண்ணெய் ஊற்றிய அகல் ஒன்றுதான் மாடத்தில் எரிந்தது.

“மோட்டாரு ரூமுக் கதவச் சாத்திப்போட்டு வாரேன்” என்று சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் போனது காற்று கிளம்பிய நேரத்தில். இன்னும் வரவில்லை.

அவள் புருஷன் வெள்ளியங்கிரி, பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏ புள்ள’ என்பார். அவள் ‘இதா வாரேனுங்க’ என்பாள். அதற்கு ஒரு ‘ம்’ வரும். உதட்டைக்கூடப் பிரிக்காத ‘ம்’. குழந்தை குட்டி இல்லாத அந்தத் தோட்டத்து வீட்டில் ஒரு நாளைக்கு நாற்பது ‘ம்’ கேட்டாலே அவளுக்குப் போதும், மனசு நிறைந்துவிடும்.

அப்போதுதான் வெளியிலிருந்து குரல் வந்தது.

“சென்னியம்மா…”

ஆண் குரல். அவர் குரல் மாதிரி. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

அவள் பிறந்த ஊரில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது: விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மூன்று தரம் கூப்பிட வேண்டும். மனுஷன் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவான். மற்றதுக்கு இரண்டோடு வாய் அடைத்துப்போகும். அவசரப்பட்டு இரண்டுக்குள் பதில் சொன்னவளை அது கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். அவளுடைய சின்னத்தை ஒருத்தி அப்படித்தான் போனாள்; மறுநாள் அவள் மெட்டி மட்டும் கிணற்றுப் படியில் கிடந்தது.

கதவுக்கருகில் போய் நின்றுகொண்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

“சென்னியம்மா… ஆ…”

இரண்டு. இந்தத் தடவை குரல் மெலிந்திருந்தது. குரலுக்குள் தண்ணீர் குழம்புகிற மாதிரி ஒரு சத்தம். ‘ஏனுங்க’ என்று அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவர் பேரைச் சொல்லிக் கத்தி, நீங்கதானா என்று கேட்கவும் வழியில்லை. புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு ஏது? இன்னும் ஒரே ஒரு தரம், சாமி, இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் கதவைத் திறந்துவிடுகிறேன் என்று நின்றாள். கால் மரத்துப்போகும்வரை நின்றாள்.

மூன்றாம் தரம் வரவில்லை.

குலசாமிதான் காப்பாற்றியது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் மோட்டார் அறையிலேயே படுத்திருப்பார், விடிந்ததும் வருவார் என்று சொல்லிக்கொண்டு, விடியும்வரை அகலுக்கு எண்ணெய் விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமிதான் பார்த்தார்.

வாசலிலிருந்து நாற்பது தப்படிகூட இருக்காது. தென்னை ஒன்று வேரோடு விழுந்து, வாய்க்காலுக்குள் வெள்ளியங்கிரியை இடுப்போடு அழுத்திக் கிடந்தது. மல்லாந்து கிடந்தார். தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது, ஆனால் வண்டல் கோடு மூக்குக்கு மேலே நின்றது. வலது கையால் கரையை முழங்கை ஆழத்துக்குத் தோண்டியிருந்தார். நகக்கண் எல்லாம் மண்.

“உழுந்தவொடனே போவலீங்க” என்றார் சின்னுசாமி, கூட வந்தவர்களிடம். “தண்ணி ஏற ஏற மொகத்த மேல தூக்கிப் பாத்திருக்காரு. ரொம்ப நேரம் இருந்திருக்காரு.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஏனம்மிணி, ராத்திரி சத்தம் கித்தம் எதும் கேக்கலியா?”

“இல்லீங்க.”

அந்த ஒரு சொல்லை அவள் யோசிக்காமலே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, இனி சாகும்வரை அதை மாற்றிச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்றே எடுக்க வழியில்லை. புருஷனின் அண்ணன் தங்கமுத்து மோகனூரிலிருந்து வர வேண்டும். நடுவில் திருமணிமுத்தாற்றில் வெள்ளம். ஊரில் காய்ந்த விறகு ஒரு சுமைகூட இல்லை. வீட்டுக்கு முன்னால் கரண்டுக் கம்பம் முறிந்து, கம்பி அறுந்து சேற்றில் சுருண்டு கிடந்தது. இனி வெளிச்சம் தைக்கு மேல்தான் என்று பேசிக்கொண்டே ஆண்கள் பாதையில் விழுந்த மரங்களை வெட்டப் போனார்கள்.

வள்ளியாத்தாளும் அவள் மருமகள் சாரதாமணியும் துணைக்கு இருந்தார்கள். வள்ளியாத்தாள் பக்கத்துத் தோட்டத்துக்காரி, சின்னுசாமியின் அக்கா. ஊரில் எந்தச் சாவுக்கும் முன்னால் நிற்பவள். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, தாடையை மேலே தூக்கித் தலையோடு சேர்த்துத் துணியால் இறுகக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். நகக்கண் மண்ணைச் சென்னியம்மாள் ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

மறுபடியும் இருட்டியது. தூறல் போட்டது. தலைமாட்டு அகல் அணைந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். மூன்று பெண்கள், ஒரு விளக்கு, கட்டிலில் அவர். ஓட்டில் சொட்டு விழுந்தது. வாய்க்கால் ஓடியது. சாரதாமணி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள்.

வெற்றிலை வாசம் வந்தது. நேற்றைப்போலவே. கதவிடுக்கு வழியாக.

வேண்டாம், வேண்டாம் என்று சென்னியம்மாள் மனசுக்குள் சொன்னாள். அதற்குள்ளேயே இன்னொரு மனசு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“சென்னியம்மா.”

தெளிவாக. திணறல் இல்லாமல். வாசற்படிக்கு வெளியே.

சாரதாமணி விழித்துக்கொண்டாள். வள்ளியாத்தாளின் தலை மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது.

“இது… அவுக கொரலாட்ட…” என்றாள் வள்ளியாத்தாள்.

சென்னியம்மாள் எழுந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கப்படவேண்டிய சந்தோஷம். வள்ளியாத்தாள் எட்டி அவள் சேலையைப் பிடித்தாள்.

“போவாத சாமி. பதில் குடுக்காத. ஒரு தரந்தான் கூப்ட்டிருக்குது. இன்னும் ரெண்டு தரம் வருட்டும்.”

“இல்லீங்கக்கா” என்றாள் சென்னியம்மாள். “இது மூணாவதுங்க.”

“என்ன?”

“நேத்தே ரெண்டு தரம் கூப்ட்டாருங்க. நான் கதவுகிட்டத்தான் நின்னுட்டிருந்தேன்.”

சேலையைப் பிடித்த கை தானாக விட்டது. வள்ளியாத்தாள் அவளைப் பார்த்த பார்வையில் திட்டும் இல்லை, இரக்கமும் இல்லை. தீண்டக் கூடாததைத் தொட்டுவிட்டவள் மாதிரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

மூன்று தரம் கூப்பிட்டால் மனுஷன். அப்படித்தானே. அப்படியென்றால் கட்டிலில் கிடப்பது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

தாழ்ப்பாளை எடுத்தாள்.

“இதா வாரேனுங்க.”

கதவைத் திறந்தாள். வெளியே யாரும் இல்லை. தூறல். இருட்டு. குப்பென்று வெற்றிலை வாசம். வாய்க்கால் சத்தம் சட்டென்று நின்றிருந்தது.

முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது.

மஞ்சள் வெளிச்சம். அவள் நிழல் நீண்டு வாசலில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் முறிந்த கம்பம் தெரிந்தது. சேற்றில் சுருண்ட கம்பி தெரிந்தது. அறுந்த நுனி அவள் காலடியிலேயே கிடந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

சாரதாமணி கத்தத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

சென்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினாள். பழக்கம். கை பாதியில் நின்றது.

கட்டிலிலிருந்து வந்தது.

“ம்.”

உதட்டைப் பிரிக்காத ‘ம்’. அவள் சொன்னது காதில் விழுந்துவிட்டது.

திரும்பினாள். கட்டில் கயிறு முனகியது. தாடைக்கட்டு அப்படியே இறுகியிருந்தது. முகம் கூரையைப் பார்த்தபடி இருந்தது. சேர்த்துக் கட்டிய இரண்டு கால்களும், கட்டு அவிழாமலே, ஒன்றாகக் கட்டிலின் விளிம்பைத் தாண்டி, தரையைத் தேடி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன.