சிரிப்பு ஷாட்

காலிங் பெல்லை அடித்துவிட்டுக் கேஷவ் வாசலிலேயே நின்றான். சாவி எப்போதும் அவன் பையில்தான் இருக்கும். அவன் மனைவி ப்ரியா கதவைத் திறந்ததும் மேக்கப் பசையும் ஈரமண்ணும் கலந்த வாடை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது. தலையில் கிரீடம், தோளில் பட்டு, கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. காஸ்ட்யூம் பார்க்கும் முனீர் பாய் ஒரு பொத்தானைக்கூட செட்டை விட்டு வெளியே விடாத ஆசாமி. இவனை எப்படி விட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை.

நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

படப்பை ஷெட்டில் எடுக்கும் சரித்திரப் படத்தில் அவனுக்குப் போலி இளவரசன் வேடம். செத்துப்போன இளவரசன் நான்தான் என்று வருகிறவன். இளவரசி "இவர்தான் என் கணவர்" என்றதும் அரண்மனையே நம்பிவிடும். இன்றைக்கு அவன் தலையை வெட்டும் காட்சி.

போன் அடித்தது. உதவி இயக்குநர் மொஹ்சின்.

"அக்கா, சார் வூட்டுக்கு வந்துட்டாரா? செட்ல ஆளைக் காணோம்."

"வந்துட்டார். இதோ உட்கார்ந்திருக்கார்."

"அப்பாடா. அப்போ ஷெட்டைப் பூட்டிடறோம். கரண்ட் போன கலாட்டால சிரிப்பு ஷாட்டை வுட்டுட்டோம்கா. போன்லயாச்சும் எடுத்து அனுப்புங்க."

சாகிற மாதிரி நடித்தவர் உடனே எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். கேஷவ் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

அவன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். தாம்பரம் பக்கம் போன மின்சார ரயிலின் சத்தம் சிட்லபாக்கம் வீடுகளைத் தாண்டித் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகும் அவன் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

"கொஞ்சம் சிரி கேஷவ்."

தாலி கட்டும்போது அவன் தும்மிய கதையைச் சொன்னாள். விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். பட்டுக்குக் கீழே சில்லென்று இருந்தது. ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். கோடு போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

"எனக்காகச் சிரி. ஒரே ஒரு தடவை." அழுகை முட்டியது.

மறுபடி மொஹ்சின். குரல் உடைந்திருந்தது.

"அக்கா... காஸ்ட்யூம் கொறையுதுன்னு முனீர் பாய் ஷெட்டைத் தொறந்தாரு. சார் இங்கதான்கா கீறாரு. ஷாட்டுக்கு மேல போர்த்தின துணியோட. எழுப்பினா எழுந்திரிக்கல. உடம்பு சில்லுனு... நீங்க வந்துட்டாருன்னு சொன்னீங்களேக்கா."

லைன் அறுந்தது. திரையில் கேமரா திரும்ப வந்தது.

நாற்காலியில் இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். கேமராவைப் பார்த்து. பல்லெல்லாம் தெரிய.

அவள் போனைக் கீழே இறக்கினாள். அவன் நிறுத்தவில்லை.