மேகத்துக்கு மேலே ஒரு மெசேஜ்!

டிங்!

றெமிஜியஸின் உள்ளங்கையில் போன் ஒரு முறை துடித்து அடங்கியது.

பாரிசிலிருந்து மொன்றியலுக்குப் போகும் விமானம். யன்னலோர இருக்கை. கீழே வெறும் மேகம். அதற்கும் கீழே அட்லாண்டிக்.

'ப்ளோம்பியே' என்று அவன் பதிந்து வைத்திருந்த எண்ணிலிருந்து ஒரே ஒரு வரி.

"லா சப்பலுக்கு வந்திட்டன். ஒரு மணிக்கு உள்ளுக்குப் போறன்."

ப்ளோம்பியே என்றால் குழாய் திருத்துகிறவன்.

இவன் வந்திருப்பது குழாயைத் திருத்த அல்ல.

றெமிஜியஸின் மனைவி சிசிலியாவைத் தீர்க்க!

"சரி. போனை ஓஃப் பண்ணு. வேலை முடியுமட்டும் திறக்காதை," என்று றெமிஜியஸ் பதில் அனுப்பினான்.

இரண்டு நீல டிக். பிறகு அமைதி.

லா சப்பல் கடைத்தெருவில் சிசிலியாவுக்கு ஒரு தையற்கடை. பாரிஸ் முழுக்க எந்தத் தமிழ்க் கல்யாணம் என்றாலும் பொம்பிளையின் ரவிக்கை அங்கேதான் தைக்கப்படும். திங்கட்கிழமை கடை பூட்டு. ஆனாலும் அவள் வருவாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் தனியாக இருந்து தைப்பாள். மெஷின் சத்தத்தில் யார் நுழைந்தாலும் கேட்காது.

இன்று திங்கட்கிழமை!

ஒரு மணிக்குப் பின்னறையில் இருப்பது ஒரே ஒருத்திதான். முதுகுப் பக்கமாகப் போ. முகத்தைப் பார்க்காதே. இதுதான் அவன் கொடுத்த உத்தரவு.

மொன்றியலில் அவனுடைய காதலி ஆன்-சோஃபி காத்துக்கொண்டிருந்தாள்.

விவாகரத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்கள் குடியிருக்கும் சார்செல் முழுக்கக் கதைக்கும். ஞாயிறு பூசையில் முகம் காட்ட முடியாது. மனைவியைப் பறிகொடுத்தவனுக்கோ... ஊரே சாப்பாடு சமைத்துக்கொண்டு வரும்!

குளிர் அறைகள் கட்டும் கொம்பனியில் அவன் விற்பனை மேலாளர். வேலைக்காக அடிக்கடி வரும் பயணம் இது. ஏறியதும் விமானத்தின் வைஃபையில் நுழைந்து, அலுவலகக் குழுவுக்கு ஒரு நகைச்சுவை, முதலாளிக்கு ஒரு வணக்கம் என்று வரிசையாக அனுப்பிவிட்டான். ஒவ்வொரு மெசேஜும் ஒரு சாட்சி. வானத்தில் இருந்தவனை யார் சந்தேகப்படுவது?

இலவச வைஃபை. எழுத்து மட்டும்தான் போகும். பேச முடியாது. படம் திறக்காது.

அவனுக்கு அது போதும்.

"தம்பி, இந்த வைஃபை எப்டிப்பா போடுறது?" பக்கத்து இருக்கையில் இருந்த புதுச்சேரி அம்மா தன் போனை நீட்டினாள். "எம் பொண்ணு மரி-கிளேர் சொல்லிக் குடுத்தா. மறந்தே போச்சு."

"இஞ்சை அமத்துங்கோ, மதாம். அவ்வளவுதான். என்ரை பேர் றெமிஜியஸ்."

"நா ஆலீஸ். மெர்சி தம்பி! நல்லாருப்பே!"

இன்னொரு சாட்சி. அவன் புன்னகைத்தான்.

டிங்!

சிசிலியா.

"மேலை போயிட்டீங்களோ?"

"ஓம். கடலுக்கு மேலை. நீ கடையிலையோ?"

"இல்லை. வீட்டிலை."

றெமிஜியஸின் புன்னகை பாதியில் நின்றது.

"ஏன்?"

"விடியத் தொடக்கம் காய்ச்சல். நாளைக்கு ஒபர்வில்லியேக் கல்யாணப் பொம்பிளைக்கு ரவிக்கை குடுக்கவேணும். கஜானியைத்தான் அனுப்பினனான். பள்ளிக்கூடம் லீவுதானே. பின்னறையிலை இருந்து தைக்கிறாள்."

கஜானி!

பதினேழு வயது. ஒரே மகள். காலையில் தூக்கம் கலையாத முகத்தோடு கதவுவரை வந்து "பொன் வோல், பாப்பா" என்று பிரெஞ்சில் அப்பாவுக்கு நல்ல பயணம் சொல்லி, கன்னத்தில் முத்தமிட்டு அனுப்பியவள்.

விரல்கள் பறந்தன.

"நிப்பாட்டு!" என்று ப்ளோம்பியேக்கு அனுப்பினான்.

ஒரு சாம்பல் டிக்.

"வேண்டாம்! திரும்பிப் போ!"

ஒரு சாம்பல் டிக்.

போனைத் திறக்காதே என்று சொன்னது யார்? அவனேதான்!

"கஜானி, கடையை விட்டு வெளியிலை வா!" என்று மகளுக்கு அனுப்பினான். அங்கேயும் ஒரு டிக்தான்.

மறுபடி சிசிலியாவிடம் வந்தான்.

"பிள்ளையை உடனை வெளியிலை வரச் சொல்லு!"

"ஏனப்பா?"

"கடையிலை காஸ் லீக் ஆகுது!"

"எங்கட கடையிலை ஏது காஸ்? எல்லாம் கறண்ட்தானே. உங்களுக்கு விமானத்திலையோ மணக்குது?"

"நீ போன் எடுத்துச் சொல்லு!"

"எடுத்தனான். தூக்கேல்லை. மெஷினிலை இருந்தால் அவள் போனைத் தொடமாட்டாள் எண்டு தெரியாதே உங்களுக்கு?"

"எனக்கு மனசு சரியில்லை, சிசி. கெட்ட கனவு கண்டனான்."

"பட்டப்பகலிலையோ? வைன் குடுத்தவங்களோ?"

பாரிசில் ஒரு மணியாக இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"என்ன தம்பி, இப்டி வேர்க்குது?" ஆலீஸ் எட்டிப் பார்த்தாள். "மோன் தியே! ஸ்துவர்தைக் கூப்டவா?"

"வேண்டாம்!"

அவன் போட்ட சத்தத்தில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பணிப்பெண்ணிடம் என்ன சொல்வது? கப்டனிடம் என்ன சொல்வது? யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும். உனக்கு எப்படித் தெரியும்?

"சிசி, பொலிசுக்குப் போன் அடி! ஒருத்தன் கத்தியோடை கடைக்கு வாறான்!"

இரண்டு நீல டிக்.

"ஆர் வாறான்? பொலிஸ் கேட்டால் நான் என்னெண்டு சொல்ல? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

றெமிஜியஸ் ஒரு வரி எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான்.

விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது.

யன்னலுக்கு வெளியே மேகங்கள் அசையவே இல்லை. விமானமே நின்றுவிட்டதைப் போலிருந்தது. அமத்தினால் அவன் முடிந்தான். அமத்தாவிட்டால்... கஜானி.

அமத்தினான்.

"நான்தான் அனுப்பினனான். உன்னைக் கொல்ல. உனக்குப் பதிலாய்ப் பிள்ளை இருக்கிறாள். பொலிசுக்கு அடி!"

இரண்டு டிக். நீலம்.



திரையின் மேலே ஒரு சின்ன வரி தோன்றியது.

'இணைப்பு இல்லை.'

"என்னோடதும் நின்னுபோச்சுப்பா," என்றாள் ஆலீஸ். "கடல் நடுவுல இப்டித்தான் ஆகுமாம்."

அவன் கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது யாரோ ஒருவனுடைய முகம். பணிப்பெண் வைத்த கோப்பி தொடாமலே ஆறியது. விமான இரைச்சலுக்குள் அவன் ஒரு மெஷின் சத்தத்தைக் கேட்டான். ஓடிக்கொண்டே இருந்த மெஷின்... திடீரென்று நின்றது.

பாரிசில் ஒரு மணி கடந்துவிட்டது!

டிங்!

சிசிலியாவிடமிருந்து ஒரு படம்.

திறக்கவில்லை. மங்கலான ஒரு சதுரம். நடுவில் ஒரு மேசை போல ஏதோ ஒன்று. அதன் பக்கத்தில்... பெரிய சிவப்புத் திட்டு!

"ஐயோ... பிள்ளை!"

வங்கி அட்டை எண்ணை அடித்து முழு வைஃபையையும் வாங்கினான். வட்டம் சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

படம் தெளிந்தது.

தையல் மேசை. அதில் ஒரு தட்டுச் சோறும் நண்டுக் கறியும். தட்டுக்கு முன்னால் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்... ப்ளோம்பியே! பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண். அவளுடைய கையில் சுற்றியிருந்த சிவப்புப் பட்டியில் பெரிய எழுத்துக்கள்.

பொலிஸ்!

படத்தின் ஓரத்தில் செல்ஃபி எடுத்த கையோடு சிசிலியா. காய்ச்சல் முகமாகவே தெரியவில்லை!

அடுத்தடுத்து மெசேஜ்கள் விழுந்தன.

"வடிவாப் பாருங்கோ. இவன் வலன்ரைன். என்ரை பெரியம்மாவின்ரை மகன். எனக்குத் தம்பி முறை!"

"லா சப்பலிலை ஆள் பிடிச்சால் கதை வெளியிலை வந்திடும் எண்டு அவ்வளவு தூரம் மார்செய்க்குப் போய்ப் பிடிச்சீங்கள். கெட்டித்தனம்தான். ஆனா போன கிழமை கடையை நோட்டம் பாக்க வந்தவனை நான் சும்மா விடுவனோ? தம்பி எந்த ஊர், ஆற்றை மகன் எண்டு கேட்டன். குருநகர், சூசைநாதன்ரை மகன் எண்டான். என்ரை பெரியப்பா! சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்த பிறகு நாங்கள் கண்டதே இல்லை. நான் அழ, அவன் அழ... கத்தியை எடுத்து மேசையிலை வச்சிட்டான்."

"கொல்ல ஆள் பிடிக்கிறவன் ஆளின்ரை ஊரைக் கேக்கிறேல்லையோ?"



"பொலிசுக்கு அவன் சொல்லுறது மட்டும் காணாதாம். உங்கட வாயாலையும் வரவேணுமாம். தரையிலை நிண்டிருந்தால் கஜானிக்குப் போன் எடுத்துக் குரலைக் கேட்டிருப்பீங்கள். அங்கை மேலை எழுத மட்டும்தானே ஏலும்! அதுதான் நீங்கள் ஏறுமட்டும் பொறுத்தனாங்கள்."

அவன் ஒரே ஒரு சொல்லை அனுப்பினான்.

"கஜானி?"

"கூசேன்வில்லிலை சிநேகிதி வீட்டிலை. போனை நான்தான் வாங்கி வச்சனான். அவளுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

பிறகு இன்னொரு வரி வந்தது.

"அவளுக்காக உண்மையைச் சொன்னீங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் நன்றி."

"என்ன தம்பி?" ஆலீஸ் அவன் தோளைத் தொட்டாள். "வூட்ல எல்லாரும் சுகமா?"

"ஓம்..." அவனுடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எல்லாரும் சுகம்."

மொன்றியலுக்கு இன்னும் பாதிக் கடல் இருந்தது. இறங்க வழியில்லை. ஓட இடமில்லை.

டிங்!

"இறங்கிற இடத்திலை உங்களைக் கூட்டிக்கொண்டு போக ரெண்டு பேர் நிப்பினம். ஆன்-சோஃபி இல்லை, ரெண்டுமே ஆம்பிளையள்! படத்தைப் பாக்க முழு வைஃபையும் வாங்கினனீங்களோ? அப்ப நல்லாப் பாவிச்சு முடியுங்கோ... இனிப் போற இடத்திலை சிக்னல் கிடைக்காது!"