பால்புள்ளி

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினாலு, இடவ மாதம். தாய்வீட்டில் காய்ச்சலில் செத்துப்போன மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, அழகியநம்பி நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கினான். நல்ல மழை. கிழக்கேகோட்டைக்கு அப்பால் இருந்த வாடகை வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கதவைத் திறக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பையோடு நேரே கல்லூரிக்குப் பின்னால் இருந்த எலிக்கூடத்துக்கு வந்தான்.

அங்கேதான் அவனுக்கு வேலை. சீமையிலிருந்து கப்பலில் வந்த சுண்டெலிகளின் வம்சத்தில் ஒரு கோளாறு ஓடியது. பத்துக் குட்டியில் இரண்டு, மேலுதடு மூக்குவரை பிளந்து, அண்ணம் மூடாமல் பிறக்கும். அந்த வாயால் பால் உறிஞ்ச முடியாது. பிறந்த குட்டிக்குத் தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்த பால் வயிற்றில் வெள்ளைப் புள்ளியாக வெளியே தெரியும். புள்ளி இருந்தால் பிழைக்கும். இல்லாதது மறுநாள் தாண்டாது. செத்ததைக் காரநீரில் ஊறப்போட்டால் சதை கண்ணாடியாகிவிடும். எலும்புக்கு மட்டும் சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சாடியில் போட்டு அலமாரியில் வைத்து, முகத்தில் எந்த எலும்பு எங்கே சேராமல் நின்றது என்று பார்ப்பான். தாய் தகப்பன் முகம் லட்சணமாக இருக்க, குட்டிக்கு மட்டும் இது எப்படி வருகிறது என்று மாணவர்களுக்குக் கட்டம் போட்டு விளக்குவான்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். போன வருஷம் அவனுக்கே அப்படி ஓர் ஆண்பிள்ளை பிறந்தது.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் திரவியம் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். நாளைக்குக் காலம்பற சாடி எல்லாம் மெட்ராஸ் கண்காட்சிக்கு ரயில்ல போவுது. கெட்டி வைக்கச் சொன்னாரு புரொபசர். பின்னே… ஒரு காரியம். சிரிக்கப்படாது, கேட்டோ. நீங்க துட்டிக்குப் போன நாள்ல இருந்து ஒரு குட்டியும் சாவல்ல."

"பிளந்ததுமா?"

"பிளந்ததும்தான். பாருங்கோ."

அழகியநம்பி குனிந்தான். மூக்குவரை வாய் கிழிந்த ஐந்து குட்டிகள். ஐந்தின் வயிற்றிலும் வெள்ளைப் புள்ளி.

"நீர் ஊட்டினீரா?"

"நானா? ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியல்ல எனக்கு." திரவியம் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் இங்க ஒரு பால்மணம் வருது சார். பெத்த பொம்பளை பக்கத்துல நின்னா வருமே, அது. நான் அதுக்கு முந்தியே பூட்டிட்டுப் போயிருதேன்."

அன்றும் அப்படியே போய்விட்டார்.

ஐந்து மணிக்கே வானம் கறுத்து மூடியது. ஓட்டின்மேல் மழை. பினாயில் நாற்றத்துக்கு அடியிலிருந்து அந்த மணம் மெல்ல மேலேறியது. லேசான புளிப்பு, ஒரு வெதுவெதுப்பு.

அவனுக்குத் தெரிந்த மணம்.

எலிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அடங்கின.

சொட்.

அலமாரிக்குள்ளிருந்து.

சொட்.

மழைதான் ஒழுகுகிறது என்று நம்ப ஆசைப்பட்டான். ஆனால் அந்த அலமாரியில் இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியாதா?

மனைவி உலகம்மை, பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்குவைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் சொட்டுச் சொட்டாகத்தான் ஊட்டிப் பார்த்தாள். பால் மூக்கு வழியே திரும்பி வந்தது. நாலாம் நாள் பிள்ளை அடங்கிவிட்டது. பச்சைப் பிள்ளையைத் தகப்பன்தான் தூக்கிக்கொண்டு போய் அடக்க வேண்டும். தீட்டில் கிடக்கும் தாய் கூட வரக் கூடாது. அந்த வழக்கம் அவனுக்கு வசதியாகப் போயிற்று. மனிதக் குழந்தை கிடைப்பது அபூர்வம் என்று பேராசிரியர் எப்போதோ சொன்னது மனசில் கிடந்தது. பிள்ளையை இங்கே கொண்டுவந்து, எலிக்குட்டிகளைப் போலவே சாயம் ஏற்றிச் சாடியில் வைத்தான். வீட்டுப் பின்புறம் நாவல் மரத்தடியில் ஒரு வெறும் குழியைத் தோண்டி மூடினான்.

"எங்க அடக்கினீங்கோ? சரியா காட்டுங்கோ" என்று கேட்டாள். காட்டினான். ஒரு வருஷம், வெள்ளிக்கிழமைதோறும், அந்த வெறும் மண்ணில் பால் ஊற்றினாள். பாவி, பார்த்துக்கொண்டு நின்றானே தவிர வாய் திறக்கவில்லை. இன்று சாடியைக் கட்டி அனுப்பிவிட்டால் பிள்ளைக்கு மண் என்பதே இல்லை.

அலமாரியைத் திறந்தான். கண்ணாடிச் சதைக்குள் சின்னச் சின்னச் சிவப்பு எலும்புகள். சேராமல் நின்ற முகம். விலாவுக்குக் கீழே,

வெள்ளைப் புள்ளி.

"உலகம்மை" என்று கிசுகிசுத்தான். "தேடிக் கண்டுபிடிச்சிட்டியா?"



சாடியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் வீட்டுக்கு ஓடினான். நாவல் மரத்தடியில் அதே இடத்தைத் தோண்டி, பிள்ளையைச் சாடியிலிருந்து எடுத்துத் துண்டோடு கிடத்தி மூடினான். "இங்கதான். இந்தத் தடவை சத்தியமா இங்கதான்" என்று சொல்லி, மண்ணில் கை வைத்து வாய்விட்டு அழுதான்.

மறுநாள் எலிக்கூடத்தில் ஐந்து குட்டிகளும் செத்துக் கிடந்தன. வயிறுகள் வெறுமை. "பழையபடி ஆயிட்டு சார்" என்றார் திரவியம். சாடி எங்கே என்று பேராசிரியர் குதித்தார். உடைந்துவிட்டது என்றான்.

சாயங்காலம் வீடு திரும்பினான். ஒரு வருஷமாக அடுக்களைப் பலகையில் தூசி படிந்து கவிழ்ந்து கிடந்த பாலாடை நிமிர்ந்திருந்தது. உள்ளே ஈரம். அதைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தான்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது பலகையில் பாலாடை இல்லை.

உலகம்மை பிள்ளை பெற்றுக் கிடந்த பின்னறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே,

சொட். சொட்.

கதவில் நெற்றியை வைத்தான். "உலகம்மை… என்னைத் திட்டவாவது ஒரு வார்த்தை பேசேன்."

சத்தம் நின்றது.

அவன் அங்கிருந்து நகர்ந்து போகும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்கியது.