மணியக்காரர் குதிரையும் ஏவிஸின் பேரும்

எங்கள் ஊரில் ஜான் என்ற பெயரில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஜான் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அதனால் ஆளுக்கொரு ஒட்டுப்பேர் வைத்தோம். ஓடைக்கரை ஜான், செந்தலை ஜான், கொல்லர் ஜான். ஒரே ஒருமுறை அறுவடை நேரத்தில் வைக்கோல் போரில் தூங்கிவிட்ட ஒருவர் தூங்குமூஞ்சி ஜான் ஆனார். பாவம், அவர் பிள்ளைகளுக்கும் அதே பேர்தான். ஒட்டிய பேர் லேசில் போகாது.

ஏவிஸ் என்று மூன்று பேர் இருந்தார்கள். நான் சொல்வது பதினொரு வயது ஏவிஸைப் பற்றி. அவளுக்கு இன்னும் ஒட்டுப்பேர் கிடைக்கவில்லை.

அவள் அப்பா வாட், ஊர்ப் பட்டியைப் பார்த்துக்கொண்டவர். அடுத்தவர் வயலில் மேயும் ஆடுமாடுகளைப் பிடித்து, கல்சுவர் வைத்த பட்டியில் அடைப்பார். அந்த வேலை செய்பவரை எங்கள் பக்கம் பிண்டர் என்போம். மேய்ந்ததற்கு ஈடு கொடுத்தால்தான் மாடு வெளியே வரும். பட்டிக் கதவை யாராவது உடைத்தால் பெரிய குற்றம்.

அந்தக் கோடையில் வாட் சுவரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பட்டி ஏவிஸின் பொறுப்பானது.

மணியக்காரர் கில்பர்ட், எங்கள் பிரபுவின் நிலங்களை மேற்பார்வை பார்க்கிறவர். அவருடைய சாம்பல் குதிரை தினமும் காலையில் சிசிலி அக்காவின் பட்டாணி வயலில் விருந்து சாப்பிட்டது. சிசிலி அக்காவுக்குக் கணவர் இல்லை, இரண்டு கைக்குழந்தைகள். குளிர்காலக் கஞ்சிக்கு அந்தப் பட்டாணியை விட்டால் வேறு கதியில்லை. ஊரே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. நானும்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அப்பா, அந்தக் குதிரைய அடைக்கப் போறேன்," என்றாள் ஏவிஸ்.

"அது மணியக்காரர் குதிரை, கண்ணு."

"மாடு மேஞ்சா அடைப்பீங்கல்ல? இதுவும் மேஞ்சிருக்கு."

வாட் கயிறு கிடந்த மூலையைக் கையால் காட்டினார்.

ஏவிஸ் ஒரு பிடி பட்டாணிக்கொடியைக் காட்டியே குதிரையைக் கூட்டி வந்துவிட்டாள். உள்ளே தண்ணீர் வைத்தாள், வைக்கோல் போட்டாள், கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். "உன்மேல கோவம் இல்லடா. உங்க ஐயா மேலதான்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மணியக்காரர் மூச்சு வாங்க வந்தார். நடந்து பழக்கமில்லாதவர்.

"ஏ குட்டி, கதவத் திற."

"சிசிலி அக்காவுக்கு ரெண்டு மூட்டை பட்டாணி கொடுங்க. திறக்கறேன்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. குதிரைய அவுத்து விட்டவரு."

கூடி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மணியக்காரர் கதவில் கை வைத்தார். பிறகு அது குற்றம் என்பது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வழக்கு நாள்தானே? அங்க பாத்துக்கறேன். உன் பேர நாறடிக்கலேன்னா பாரு."

மதியம் பெரிய களஞ்சியத்தில் வழக்குகள் தொடங்கின. தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். எழுத்தர் சைமன் தோல் சுருளை விரித்து, மயிலிறகு போலப் பெரிதாக இருந்த ஓர் இறகுப் பேனாவை மையில் தொட்டார்.

"பேரு?"

"ஏவிஸ்."

"இந்த ஊர்ல மூணு ஏவிஸ் இருக்காங்க. எந்த ஏவிஸ்?"

"குதிரைக்கள்ளி ஏவிஸ்னு எழுதுங்க," என்றார் மணியக்காரர்.

தோல் சுருளில் ஏறிவிட்டால் அந்தப் பேர் அவளோடு போகாது, அவள் பிள்ளைகளுக்கும் ஒட்டும். பேனா இறங்கியது.

ஏவிஸ் தன் உள்ளங்கையை அந்தச் சுருளின்மேல் வைத்தாள்.

"கைய எடும்மா," என்றார் சைமன்.

"மாட்டேன். கள்ளின்னா ஒளிச்சு வைப்பா. நான் ஊர் நடுவுல, ஊர்ப் பட்டியில, எல்லாரும் பாக்க அடைச்சேன். தண்ணி வச்சேன், தீனி போட்டேன். அதச் செய்யறவங்களுக்கு இந்த ஊர்ல என்ன பேரு? நீங்களே சொல்லுங்க."

பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். இத்தனை நாள் மூடியிருந்த வாயை அன்றைக்குத்தான் திறந்தேன்.

"பிண்டர்," என்றேன்.

"பிண்டர்," என்றார் பக்கத்தில் இருந்தவர். அப்புறம் பன்னிரண்டு பேரும் சொன்னோம். மணியக்காரர் இரண்டு மூட்டை பட்டாணி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னோம்.

ஏவிஸ் கையை எடுத்தாள். சைமன் 'ஏவிஸ் பிண்டர்' என்று எழுதினார்.

"பொட்டப் புள்ளைக்கு இப்படி ஒரு பேரா?" என்று மணியக்காரர் பல்லைக் கடித்தார்.

"பேரு இருக்கட்டும் ஐயா," என்றாள் ஏவிஸ் பிண்டர். "மூட்டைய எப்ப தூக்கிட்டு வர்றீங்க? குதிர நின்னுக்கிட்டு இருக்கு."