தரகர் வேஷத்துக்கு இரண்டு பேர்

பெயர் பதியும் மேசையில் முதல் கேள்வியே, "உயிருங்களா, மறுகுரலுங்களா?" என்பதுதான். கோவை ஒன்பதாம் அடுக்குக் குடியிருப்பின் பாட்டு நாடகத்துக்கு ஆண்டுதோறும் ஆள் எடுப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், செத்தவர்கள் உட்பட. மரகதம் கணவரின் பெட்டியை மேசைமேல் வைத்து, "மறுகுரல். சந்திரகாந்தன். கல்யாணத் தரகர் வேஷத்துக்கு," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற மகள் இளவெயினி, "உயிர். அதே தரகர் வேஷம்," என்று சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டாள்.

சந்திரகாந்தன் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள். அவருடைய பேச்சும் பாட்டும் குறும்பும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. புதிதாக எதுவும் அதில் தங்காது. இன்று கேட்டது நாளைக் காலைக்குள் அழிந்துவிடும். வெயினிக்கு இப்போது பத்தொன்பது. அவருக்கோ அவள் என்றைக்கும் ஏழு வயதுக் குழந்தைதான். வளர்ந்த மகள் பேசினால், "யாருங்கம்மிணி நீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். பெற்ற அப்பன் வாயால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க யாரால் முடியும்? அவள் பெட்டியோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

மின்சாரம் அரிதாகிவிட்ட காலம். ஊருக்கு ஏதாவது ஒரு வேலை செய்யாத மறுகுரலை மின்வாரியம் ஓராண்டுக்குமேல் விட்டுவைக்காது. சந்திரகாந்தனுக்குக் காமெடியைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. இந்த வேஷம் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை பெட்டியை அணைத்துவிடுவார்கள்.

"வேற வேஷம் கேளு சாமி," என்று மரகதம் வீட்டிலேயே கெஞ்சிப் பார்த்தாள்.

"அப்பா செத்துட்டாரும்மா," என்றாள் வெயினி. "நான் இருக்கேன். என்னைய ஒரு தரம் பாருங்க."

தேர்வு முறை இந்தக் குடியிருப்புக்கே உரிய கூத்து. திரைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள் வாய் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார்கள். பாடுவது உயிரா, மறுகுரலா என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதிகம் பேரைச் சிரிக்கவைத்துத் துப்பவைக்கிறவருக்கே வேஷம். எல்லோருக்கும் கீபோர்டு வாசிப்பவள் மரகதம். ஓரத்தில் இருந்த அவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் சந்திரகாந்தன். "மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லீங்க..." என்று பாடி நிறுத்தினார். மரகதம் விரல்களைத் தூக்கினாள். அரை நொடி அமைதி. "தொப்பை மட்டும் ஒரு நாள் முன்னாடியே மண்டபம் வந்து சேருமுங்க!" ஒரு நடுவர் துப்பினார். போன வருடம் மூவருமே துப்பியிருந்தார்கள்.

அடுத்து வெயினி. அடேயப்பா, என்ன குரல், என்ன கிண்டல்! இரண்டாம் அடியிலேயே நடுவர்களின் கன்னம் நடுங்கத் தொடங்கியது. ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். மரகதத்துக்குப் பெருமையும் பயமும் சேர்ந்தே வந்தன. வெயினி, "ஒரு கொறையும் இல்லீங்க..." என்று நிறுத்தினாள்.

அந்த அமைதிக்குள் மரகதம் மூன்று கட்டைகளைத் தட்டினாள். தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

சிரிப்பு செத்துப்போனது. நடுவர்கள் தண்ணீரை விழுங்கிவிட்டார்கள்.

முடிவைச் சொன்ன பிறகு வெயினி கீபோர்டருகே வந்தாள். அவள் அழவில்லை.

"அந்த எடத்துல கை வைக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானேம்மா," என்றாள். "அவரையே வெச்சுக்குங்க. நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்."

அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே மரகதம் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இன்னும் ஓராண்டு. பச்சை விளக்கு எரிந்தது.

"மரகதம், எனக்கடுத்துப் பாடுச்சே ஒரு புள்ள, கேட்டியா?" என்றார் சந்திரகாந்தன் உற்சாகமாக. "என்னையத் தூக்கிச் சாப்பிட்டிருக்கும். நீ ஏன் அங்க போய்க் கட்டையத் தட்டுன?"

அவள் கீபோர்டை மூடினாள்.

"பாவம், மனசு ஒடஞ்சு போயிருக்கும்," என்றார் அவர். "யாரு பெத்த புள்ளையோ."