முதுகு மாறிய காசு

காசு சேர்க்கிறவனுக்கு வெட்கம் கிடையாது. இருக்கிறது என்று கேள்விப்பட்டால் யார் வீட்டுக் கதவையும் தட்டுவான். நாணயச் சாலையில் அச்சு பொருத்தி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் மாடி வீட்டுக்கு அப்படித்தான் போனேன். நல்ல வெயில் நேரம்.

அச்சு மாறி அடித்த வெள்ளிக்காசு ஒன்று அவரிடம் இருந்தது. தலைப்பக்கம் ஒரு காசுடையது, பின்பக்கம் வேறொரு காசுடையது. லட்சத்தில் ஒன்று அப்படித் தப்பி வெளியே வரும்.

அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து உள்ளே போனார்.

"அவளுக்கு அது பழகிடுச்சு," என்றார் பெரியவர். "காசைச் சும்மாவே எடுத்துக்குங்க. வீட்ல சம்சாரம் இருக்கும்போது மட்டும் திருப்பிப் பாக்காதீங்க."

திருப்பாமல் வைத்திருக்கவா ஒருவன் காசு சேர்ப்பான்? மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். லென்ஸின் கீழே காசை ஓரம் பிடித்துத் திருப்பினேன்.

குப்பென்று துருப்பிடித்த இரும்பின் வாடை.

"என்னங்க, முதுகு சில்லுனு இருக்கு. என்னன்னு பாருங்க."

திரும்பினாள்.

கூன் விழுந்த முதுகு. அதன்மேல் நரைத்த சடை.

காசைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். எதுவும் மாறவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். பெரியவரின் மனைவி மாடியில் எனக்கு முதுகு காட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்த முதுகு. கழுத்துக்குக் கீழே, என் மனைவிக்குக் குக்கர் ஆவி அடித்த தழும்பு.

"தெரிஞ்சுதானே குடுத்தீங்க?" என்றேன்.

"திருப்பாதீங்கன்னா திருப்புவீங்கன்னு தெரியும்." அவர் அழுதார். "இவளோடது திரும்பி வந்துடும்னு ஒரு நப்பாசை. நீங்க பாத்தது எவளோடதோ தம்பி. முப்பது வருஷமா அதோடதான் குடும்பம் நடத்தினேன்."

"இப்ப நான் என்ன பண்றது?"

"முகத்தப் பாத்தே பேசுங்க."

அப்படித்தான் பேசுகிறேன். அவள் என் உயிர். விட்டுவிட்டு எங்கே போவேன்? இன்று மத்தியானம் பயத்தை விழுங்கிக்கொண்டு அவளை அணைத்துக்கொண்டேன். பாவம், நாள் கணக்கில் தூங்காதவள், என் தோளில் முகம் வைத்ததுமே தூங்கிவிட்டாள். மூச்சு சீராக வந்தது.

என் கைகளுக்குள் அந்த முதுகு மட்டும் விம்மிக்கொண்டிருந்தது.